ரப்பர் ஸ்டாம்ப் ஆர்டர் கொடுக்குறதுக்கு முன்னாடி: எந்த ஃபான்ட், எந்த மெட்டீரியல், எந்த மை

பல வருஷம் முன்னாடி ஒரு சங்கத்துக்கு வட்ட சீல் செஞ்சு கொடுத்தேன். பேர்ல ரெண்டு 'ண', ஒரு 'ழ', நாலஞ்சு புள்ளி வெச்ச எழுத்து. ஸ்க்ரீன்ல பெருசு பண்ணிப் பார்த்தப்போ அவ்ளோ அழகா இருந்துச்சு, அவங்களும் பார்த்துட்டு ஓகே சொல்லிட்டாங்க. பத்து நாள்ல திரும்பி வந்தாங்க. 'ண'வோட சுழியெல்லாம் மை அடைச்சு கறுப்பு உருண்டையா நிக்குது, புள்ளில மூணு காணோம், கணக்கு ஆரம்பிக்கப் போன பேங்க்ல "இது என்ன பேரு, படிக்கவே முடியலையே"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். தப்பு என்னோடது. காசு வாங்காம புதுசா செஞ்சு கொடுத்தேன், ஆனா அன்னிக்கு கத்துக்கிட்டதுதான் இந்த மொத்த வழிகாட்டியும்: ஸ்டாம்புக்கு ஃபான்ட் பார்க்கும்போது எழுத்தோட கறுப்பைப் பார்க்காதீங்க, எழுத்துக்குள்ள இருக்குற வெள்ளையைப் பாருங்க. மை எப்பவும் வெளிய பரவும், அந்தப் பரவல்ல முதல்ல சாகுறது அந்த வெள்ளைதான்.

1. எது மேல அடிக்கப் போறீங்க

நிறைய பேர் நேரா ஃபான்ட்ல ஆரம்பிக்கிறாங்க, அது தலைகீழ். எது மேல அடிக்கப் போறீங்க, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, யார் கையால, இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா பாதி முடிவு தானா வந்துடும். பில் புக், லெட்டர்ஹெட் மாதிரி சாதா பேப்பர்னா எல்லா வகையும் சரிப்படும். பழுப்பு கவர், அட்டைப்பெட்டின்னா மேல்பரப்பு சொரசொரப்பா இருக்கும், மெல்லிசு எழுத்து விட்டு விட்டுத்தான் விழும், அதனால தடி எழுத்தும் ஆழமா வெட்டுன ரப்பரும் வேணும். வழவழப்பான ஆர்ட் பேப்பர், லேமினேஷன் கவர், பிளாஸ்டிக் பவுச்சுன்னா சாதா மை காயவே காயாது, விரல் பட்டா இழுத்துக்கிட்டு வந்துடும். துணிப்பைன்னா அதுக்கு தனி மை, தனி ஆழம்.

வீட்டுல மசாலா பொடி, முறுக்கு போட்டு விக்கிறவங்க நிறைய பேர் இப்போ வர்றாங்க. "அண்ணா, கவர் மேல அடிக்க ஒரு ஸ்டாம்ப்"னு ஒரு வார்த்தைல சொல்லிடுவாங்க, நான் முதல்ல கேக்குறது "கவரைக் கொண்டு வந்தீங்களாம்மா"ன்னுதான். கவரைத் தொட்டுப் பார்க்காம ஸ்டாம்ப் செய்யவே கூடாது.

2. வாசகத்தை எழுதி முடிங்க, அப்புறம் குறைங்க

ஸ்டாம்ப்ல இடம் மில்லிமீட்டர் கணக்குல. முழு முகவரி, ரெண்டு போன் நம்பர், மெயில், ஜிஎஸ்டி நம்பர், ஒரு சாமி படம், எல்லாத்தையும் விரல் நீளத்துல அடக்கச் சொன்னா எதுவுமே தெரியாது. கட்டாயம் வேண்டியது எதுன்னு பாருங்க. டாக்டர் ஸ்டாம்புன்னா பதிவு எண் தெளிவா விழணும், பிரிஸ்கிரிப்ஷன்ல அது இருந்தே ஆகணும். உணவுப் பொருள்னா எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அது 14 இலக்கம். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து. நோட்டரி சீல்னா அளவு உங்க இஷ்டமே இல்ல, 1956ம் வருஷத்து நோட்டரி விதிகள்லயே 5 சென்டிமீட்டர் விட்டத்துல சாதா வட்டம், உள்ள பேர், பகுதி, பதிவு எண் இதெல்லாம் இருக்கணும்னு சொல்லியிருக்கு. கம்பெனி சீல் பத்தி இன்னும் பயப்படுறவங்க இருக்காங்க, 2015 திருத்தத்துக்கு அப்புறம் காமன் சீல் கட்டாயம் இல்ல, வேணும்னா வெச்சுக்கலாம்.

சிங்க முத்திரை போடச் சொல்லி தனியார் யாராவது கேட்டா முடியாதுன்னு சொல்லிடுங்க. 2005ல வந்த சட்டம் இருக்கு, அரசு சின்னத்தை அனுமதி இல்லாம பயன்படுத்துறது குற்றம். அதே மாதிரி ஒரு அதிகாரியோட பதவி சீல்னா அந்த ஆபீஸ் லெட்டர் இல்லாம நான் தொடவே மாட்டேன்.

வாசகத்தை வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்புறது நல்ல பழக்கம், கையெழுத்து போட்டோ அனுப்பினா தப்பு வரும். ஆனா டைப் பண்ணதுலயும் பார்க்க வேண்டியது உண்டு. துணைக்கால் போட வேண்டிய இடத்துல 'ர' போட்டு அனுப்புவாங்க, 'ஔ'க்கு பதிலா 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியா அடிச்சிருப்பாங்க, படிக்கும்போது கண்ணுக்கே தெரியாது, ஸ்டாம்ப்ல ஏறினப்புறம் தெரியும். 'ஸ்ரீ' இன்னும் மோசம், அதை கம்ப்யூட்டர்ல ரெண்டு விதமா அடிக்கலாம், ஃபான்ட் மாத்தினதும் ஒரு விதம் ஒழுங்கா சேரும், இன்னொரு விதம் பிரிஞ்சு புள்ளியோட தனியா நிக்கும்.

3. அளவு

செல்ஃப் இங்க் மெஷின் (உள்ளயே பேடு இருக்கும், அமுக்கினா தானா மை தொட்டு அடிக்கும்) வாங்குறதா இருந்தா அளவு கம்பெனிக்காரன் முடிவு பண்ணதுதான். ட்ரோடாட்ல 4911 மாடல் 38க்கு 14 மில்லி, 4912 மாடல் 47க்கு 18, 4913 மாடல் 58க்கு 22. மத்த கம்பெனியும் ஏறக்குறைய இதை ஒட்டித்தான் வெச்சிருப்பாங்க. கைப்பிடி ஸ்டாம்புன்னா எந்த அளவுலயும் வெட்டிக்கலாம்.

நான் போடுற கணக்கு இதுதான். தமிழ் எழுத்து 9 பாயின்ட்டுக்குக் கீழ போகக்கூடாது, ஒரு பாயின்ட் 0.35 மில்லி, அப்போ 9 பாயின்ட்னா மூணு மில்லிக்கு கொஞ்சம் மேல. மேல 'கி' 'கீ' விலங்கு, கீழ 'கு' 'மு' 'ழு' வால் எல்லாம் சேர்த்து ஒரு வரிக்கு 4.2 மில்லி ஒதுக்கணும். அதனால 4911ல தமிழ் மூணு வரி, 4912ல நாலு, 4913ல அஞ்சு. இங்கிலீஷ் 7 பாயின்ட் வரைக்கும் தாங்கும், அதுலயும் கேப்பிடல் எழுத்துன்னா கீழ தொங்குற வாலே இல்ல, இன்னும் நெருக்கலாம். ஒரே பேரை தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போடும்போது தமிழுக்கு ரெண்டு பாயின்ட் கூட கொடுங்க, அப்போதான் ரெண்டும் கண்ணுக்கு ஒரே அளவா தெரியும்.

4. ஃபான்ட்

இங்கதான் அதிகம் நேரம் செலவு பண்ணணும். தமிழ் எழுத்துல கஷ்டமான ஆளுங்க யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க: ண, ணை, ஞ, ஷ, ஜ, ஸ்ரீ, க்ஷ, மூ, நூ, இ, ஐ. இதுல எல்லாம் சுழி இருக்கு, சுழிக்குள்ள சின்ன வெள்ளை இருக்கு. உங்க வாசகத்துல இதுல எது எது வருதோ அதை மட்டும் தனியா ஒரு வரில அடிச்சு, நாலஞ்சு ஃபான்ட்ல மாத்தி மாத்திப் பாருங்க. 'ட', 'ப', 'ம' எல்லா ஃபான்ட்லயும் நல்லா வரும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

அடுத்தது கோட்டோட தடிமன். ஒரே தடிமன்ல ஓடுற எழுத்து ஸ்டாம்புக்கு நல்லது. பேனா பிடிச்சு எழுதின மாதிரி ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெல்லிசா போற எழுத்து கல்யாணப் பத்திரிகைல நல்லா இருக்கும், ரப்பர்ல மெல்லிசு பக்கம் விழாது, தடி பக்கம் அடைச்சுக்கும். விண்டோஸ் 7ல வந்த விஜயா அந்த ரகம், போதாததுக்கு அதே பாயின்ட்ல மத்த ஃபான்ட்டை விட சின்னதாவும் தெரியும். லதா, விண்டோஸ் 2000 காலத்துல இருந்து இருக்கு, பழசுன்னு ஒதுக்காதீங்க, சுழி திறந்து இருக்கும், இடம் மட்டும் கொஞ்சம் அதிகம் எடுக்கும். விண்டோஸ் 8ல வந்த நிர்மலா யூஐ ஸ்டாம்புக்கு நல்ல ஃபான்ட். இலவசமா கிடைக்கிறதுல நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன் இந்த நாலும் என் கம்ப்யூட்டர்ல எப்பவும் இருக்கும். இதெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸ்ல திறந்த உரிமத்துல இருக்கு, வியாபாரத்துக்கு தாராளமா பயன்படுத்தலாம். முக்கியமா இதுல வெயிட் நிறைய உண்டு, மெல்லிசுல இருந்து ரொம்ப தடி வரைக்கும். 9, 10 பாயின்ட்ல மீடியம் எடுங்க. போல்டு எடுக்காதீங்க. "போல்டா போடுங்க சார், நல்லா தெரியட்டும்"னு கேக்காத கஸ்டமர் கிடையாது, ஆனா சின்ன சைஸ்ல போல்டு போட்டா சுழி மூடி தெரியாமத்தான் போகும். 14 பாயின்ட்டுக்கு மேல, கடைப் பேருக்கு மட்டும், போல்டு போடலாம். அங்க பலூ தம்பி மாதிரி உருண்டையான தடி எழுத்துகூட நல்லா உட்காரும், கவர் மேல அடிக்க அருமையா இருக்கும். கவிவனார் மாதிரி சாய்ஞ்ச கையெழுத்து ரகம் பெரிய சைஸ்ல கிஃப்ட் டேக்குக்கு சரி, ஆபீஸ் சீலுக்கு வேண்டாம்.

புள்ளி. இதைத் தனியா சொல்லியே ஆகணும். புள்ளி போனா 'கண்ணன்' 'கணணன' ஆயிடும். லேசர்ல ரப்பர் வெட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் தனியா நிக்கிற ஒரு ஊசித் தூண், பக்கத்துல பிடிச்சுக்க எதுவும் கிடையாது, அரை மில்லிக்குக் கீழ போச்சுன்னா பிரஷ் போட்டு கழுவும்போதே ஒடிஞ்சு போகும். என்னோட அந்த சங்கத்து சீல்ல மூணு புள்ளி காணாம போனது இதனாலதான். அதனால புள்ளி பெருசா, எழுத்துல இருந்து தெளிவா விலகி இருக்குற ஃபான்ட்டா பாருங்க. கிடைக்கலைன்னா எழுத்தை கர்வ் ஆக்கிட்டு (அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டுப் படமா மாத்திட்டு) புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து ஒண்ணே கால் மடங்கு பெருசாக்குங்க. அரை மணி நேர வேலைதான், ஆனா அந்த ஸ்டாம்ப் வருஷக்கணக்கா பேசும்.

பழைய கோயில் டிரஸ்ட், பழைய கம்பெனிக்காரங்க சில பேர் பழைய 'லை', 'னை', 'றா' வடிவம் கேப்பாங்க, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தி இருந்த தும்பிக்கையும் சுழியும் போட்ட எழுத்து. இப்போ வர்ற பெரும்பாலான ஃபான்ட்ல அது இல்ல. அவங்களோட பழைய சீல் பதிவை ஸ்கேன் பண்ணி அந்த எழுத்தை மட்டும் கையால வரைஞ்சு சேர்க்கணும். நான் சந்தோஷமா செய்யுற வேலை அது.

நம்பருக்கு வர்றேன். ஜிஎஸ்டி நம்பர்ல எழுத்தும் எண்ணும் கலந்து வரும். இங்கிலீஷ் 'ஓ'வும் சைபரும், 'ஐ'யும் ஒண்ணும், 'எஸ்'ஸும் அஞ்சும், 'பி'யும் எட்டும் மை பரவினா ஒண்ணுபோல ஆயிடும். ஏரியல் நேரோல அடிச்சா கண்டிப்பா குழப்பம் வரும். வெர்டானா எடுங்க, 1996ல ஸ்க்ரீன்ல சின்ன சைஸ்ல படிக்கிறதுக்குன்னே வந்தது, உள்ள வெள்ளை நிறைய, கேப்பிடல் 'ஐ'க்கு மேலயும் கீழயும் குறுக்குக் கோடு இருக்கும். டைம்ஸ் நியூ ரோமன் வேண்டாம், அதோட மெல்லிசு கோடு ரப்பர்ல நிக்காது.

டிடிபி சென்டர்ல கொடுக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா குப்பையா தெரியும். யூனிகோட்ல அடிச்சது டிசைன் பண்ற பழைய கோரல் டிரா சாஃப்ட்வேர்ல ஒற்றைக்கொம்பு இடம் மாறி விழும். எதுவா இருந்தாலும் கர்வ் ஆக்கி, பிடிஎஃப் எடுத்து, அந்த பிடிஎஃப்பை ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுப் படிச்சுட்டு அனுப்புங்க.

5. வட்ட சீலுக்கு மட்டும்

முதல்ல எழுத்து அடங்குமான்னு பாருங்க. 42 மில்லி வட்டத்துல வெளிக்கோடு, இடைவெளி எல்லாம் போக எழுத்து உட்கார்ற வட்டம் சுமார் 16 மில்லி ஆரம். சுற்றளவு 100 மில்லி. மேல் வளைவு வாசகத்துக்கு அதுல மூணுல ரெண்டு பங்கு, 67 மில்லி. 10 பாயின்ட் தமிழ் எழுத்து ஒண்ணு உத்தேசமா மூணரை மில்லி பிடிக்கும், அப்போ இடைவெளியும் சேர்த்து 19 எழுத்து. உங்க சங்கத்துப் பேர் 30 எழுத்துன்னா ஃபான்ட்டை நெருக்காதீங்க, வட்டத்தைப் பெருசாக்குங்க இல்லன்னா ஊர்ப் பேரை நடுவுல இறக்குங்க.

இன்னொண்ணு, பலரும் கவனிக்காதது. மேல் வளைவுல எழுத்தோட தலை வெளிப்பக்கம் விரியும், கால் உள்பக்கம் நெருங்கும், அதனால 'கு', 'மு', 'ழு' வாலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். கீழ் வளைவுல ஊர்ப் பேர் நேரா படிக்கிற மாதிரி போடும்போது தலை உள்பக்கம் வந்துடும், புள்ளியும் மேல் விலங்கும் எல்லாம் நடுவைப் பார்த்து குவியும். 'திருச்சிராப்பள்ளி'யை கீழ் வளைவுல போட்டுப் பாருங்க, 'ச்சி', 'ள்ளி' ரெண்டு இடத்துலயும் புள்ளி பக்கத்து எழுத்தோட மேல் வளைவை முட்டும். கீழ் வளைவுக்கு எழுத்து இடைவெளியை மேல் வளைவை விட கூட வைங்க. அப்புறம் 'கொ', 'தே' மாதிரி எழுத்துல கொம்பு தனியா சுத்திக்கிட்டு போகாம, முழு எழுத்தும் ஒரே துண்டா திரும்புதான்னு பாருங்க.

6. வெட்டக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

டிசைனை முடிச்சதும் ஒரு காப்பி எடுத்து, எல்லா எழுத்துக்கும் 0.2 மில்லி கறுப்பு அவுட்லைன் கொடுங்க. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 0.1 மில்லி வீங்கும், கிட்டத்தட்ட மை பரவுற அளவு அதுதான். அதை நிஜ அளவுல, நூறு சதவீதத்துல பிரிண்ட் எடுத்து, கை நீட்டுற தூரத்துல வெச்சு, விஷயமே தெரியாத ஒருத்தரை படிக்கச் சொல்லுங்க, முடிஞ்சா 50 வயசு தாண்டினவங்களை. 'ண' எது 'ன' எதுன்னு தடுமாறினாங்கன்னா சைஸை ஏத்துங்க இல்ல வெயிட்டைக் குறைங்க. ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணிப் பார்த்து ஓகே சொல்றதை மட்டும் விட்டுடுங்க.

7. மெட்டீரியல்

பழைய முறை: ஈய எழுத்து கோத்து, அதை மேட்ரிக்ஸ் அட்டைல அழுத்தி அச்சு எடுத்து, அதுமேல இன்னும் வேகாத ரப்பர் வெச்சு சுமார் 150 டிகிரி சூட்டுல அமுக்கி வேக வைக்கிறது. 1839ல குட்இயர் கண்டுபிடிச்ச அதே வல்கனைசிங்தான். இப்படி செஞ்ச ஸ்டாம்போட உழைப்பு எதுக்கும் வராது, இன்னிக்கு இதைச் செய்யுறவங்க கொஞ்சம் பேர்தான். உங்க ஊர்ல யாராவது இருந்தா, தினமும் நூத்துக்கணக்குல அடிக்கிற ஸ்டாம்பை அவங்ககிட்ட கொடுங்க.

லேசர் ரப்பர்: இன்னிக்கு அதிகம் நடக்குறது. 2.3 மில்லி ஷீட்ல லேசர் வேண்டாத இடத்தை எரிச்சு எடுக்கும். எழுத்து கூர்மையா வரும். கேட்டு வாங்க வேண்டியது ஒண்ணு இருக்கு: எழுத்தோட பக்கச் சுவர் நேரா செங்குத்தா இருக்கக்கூடாது, மலை மாதிரி கீழ அகலமா சரிஞ்சு வரணும், மெஷின்ல ராம்ப் இல்லன்னா ஷோல்டர்னு சொல்லுவாங்க. அந்த சரிவு இருந்தாதான் நான் மேல சொன்ன புள்ளித் தூண் ஒடியாது. ஸ்டாம்பை பக்கவாட்டுல வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா சரிவு தெரியும். ஆழம் சாதா பேப்பருக்கு முக்கால் மில்லி போதும், அட்டைக்கும் துணிக்கும் ஒரு மில்லிக்கு மேல வேணும்.

பாலிமர்: தேன் மாதிரி திரவம், மேல நெகட்டிவ் ஃபிலிம், யூவி வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும், படாத இடத்தை சோப்புத் தண்ணில கழுவி எடுக்குறது. விலை குறைவு, சீக்கிரம் ஆகும், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுறதால கிஃப்ட் டேக், டைரி வேலை பண்றவங்களுக்கு எங்க விழப்போகுதுன்னு பார்த்து வைக்க வசதி. ஆனா வெயில்ல வெச்சா மஞ்சளாகி பிசுபிசுக்கும், பிளாஸ்டிக்ல அடிக்கிற சால்வென்ட் மை பட்டா வீங்கிக் கெட்டுடும். பவுச் மேல அடிக்கிறவங்க பாலிமர் வாங்கவே வாங்காதீங்க.

ப்ரீ இங்க், அதாவது மை உள்ளயே ஊறியிருக்கும், பேடு வேண்டாம்: எழுத்து மேடா இருக்காது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைஞ்ச ஃபோம், ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட இடம் உருகி மூடிக்கும், பிரிண்ட் எடுத்த எழுத்தோட கறுப்பு டோனர் மறைச்ச இடம் மட்டும் திறந்து மை கசியும். சின்ன எழுத்துக்கும் லோகோவுக்கும் இதுதான் சுத்தம், ஏன்னா அழுத்தி நசுக்குற வேலையே இல்ல, டாக்டர், ஆடிட்டர் ஸ்டாம்புக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். இதுக்கு எண்ணெய் கலந்த தனி மை. சாதா பேடு மையை ஊத்தினா ஓட்டை அடைச்சு ஸ்டாம்பே போச்சு. வழவழப்பான பேப்பர்ல காய நேரம் எடுக்கும்.

அரக்கு மேல முத்திரைன்னா பித்தளைதான், எழுத்து பள்ளமா வெட்டி. துணில பெருசா டிசைன் அடிக்க மர அச்சு, குஜராத்ல பேதாபூர்னு ஒரு ஊரே இந்த அச்சு செதுக்குறதுக்குப் பேர் போனது, ஆனா பொடி எழுத்து மரத்துல நிக்காது, அதை ரப்பருக்கு விட்டுடுங்க.

8. மை

சாதா பேடு மை தண்ணியும் கிளிசரினும் கலந்தது, பேப்பர் உறிஞ்சினாதான் காயும். பவுச், டப்பா, கண்ணாடிக்கு சால்வென்ட் மை, அதோட ரப்பர் ஸ்டாம்ப், அடிக்கிற நேரம் தவிர பேடை மூடியே வைக்கணும். துணிக்கு துணி மை. வருஷக்கணக்கா இருக்க வேண்டிய ரெஜிஸ்டர்னா வயலட் சாய மை வெளிச்சத்துல வெளுக்கும், பிக்மென்ட் கறுப்பு கேட்டு வாங்குங்க. பேடு புதுசா மை ஊத்தின அன்னிக்கு நாலு தடவை வேஸ்ட் பேப்பர்ல அடிச்சுட்டு வேலையைத் தொடங்குங்க, சுழி அடைக்கிறதுல பாதி அதிக மையாலதான்.

9. ஒட்டுறது, வாங்கிக்கிறது

ரப்பரை கட்டைல நேரா ஒட்டக்கூடாது, நடுவுல ரெண்டு மூணு மில்லி ஃபோம் இருக்கணும், இல்லன்னா மேஜை மேடுபள்ளமா இருந்தா ஒரு ஓரம் விழாது. ஓரத்தை எழுத்துக்குக் கிட்ட, சரிவா வெட்டியிருக்கணும். கைப்பிடில மேல் பக்கம் எதுன்னு ஒரு அடையாளம் போடச் சொல்லுங்க, அவசரத்துல தலைகீழா அடிக்கிறது அதனாலதான் நடக்குது.

கடைல நின்னு, உங்க சொந்த பில் புக்லயோ கவர்லயோ பத்து தடவை அடிச்சுப் பாருங்க. முதல் பதிவு எப்பவும் நல்லாத்தான் இருக்கும், பத்தாவதுல 'ண' திறந்து இருக்கான்னு பாருங்க, புள்ளிகளை எண்ணுங்க. கழுவ சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும், பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் பட்டா ரப்பர் ஊதிடும். அந்தப் பத்து பதிவு இருக்குற தாள்ல தேதி, ஃபான்ட் பேர், பாயின்ட், மெட்டீரியல் எழுதி, கர்வ் ஆக்கின பிடிஎஃப்போட பத்திரமா வெச்சுக்கோங்க, அஞ்சு வருஷம் கழிச்சு ஸ்டாம்ப் தேய்ஞ்சு வேற ஊர்ல செய்யக் கொடுத்தாலும் அதே எழுத்து அப்படியே வரும்.